நாக் ரெண்டாவது சைக்கிள் வருதா? புள்ளைங்க நெசமாவே படிச்சாங்களான்னு பார்க்குறது இப்படித்தான்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், தொண்டி பக்கம் ஏதோ ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல வேலை பார்க்குறீங்க, போன வாரம் பிரின்ஸிபால் கூப்பிட்டு "இனிமே ஐக்யூஏசி உங்க பொறுப்பு சார்"னு (காலேஜோட தரத்த உள்ளுக்குள்ள பார்த்துக்குற குழு அது) சொல்லிட்டாங்க, கையில பத்து பதினஞ்சு பழைய ஃபைலும் வேலை செய்யாத ஒரு பென்டிரைவும் குடுத்திருக்காங்கன்னு வைங்க, உங்களுக்குத்தான் இத எழுதுறேன். நாக்ன்னா காலேஜோட தரத்த பார்த்து அங்கீகாரம் குடுக்குற தேசிய அமைப்பு, ரெண்டாவது சைக்கிள்னா அந்த அங்கீகாரத்த மறுபடி வாங்குறது. அதுக்காக காலேஜ் தன்னப் பத்தி எழுதிக் குடுக்குற ரிப்போர்ட்டுதான் எஸ்எஸ்ஆர், அத முழுசா எழுதுறது எப்படின்னு சொல்லப் போறதில்ல. அதுல ஒரு பகுதி மட்டும்: நம்ம காலேஜ்ல சேர்ந்த புள்ளைங்க கத்துக்கிட்டாங்களா இல்லையான்னு நேர்மையா கணக்கு பார்த்து, அத அந்த மறு அங்கீகாரத்துக்கு (ரீஅக்ரெடிடேஷன்) தாங்குற மாதிரி எழுதுறது.

ஏன் இது மட்டும்னா, அஃபிலியேட்டட் காலேஜுக்கு (யூனிவர்சிட்டியோட இணைஞ்சு நடக்குறது) மொத்தம் 1000 வெயிட்டேஜ்ல ரெண்டாவது கிரைட்டீரியன் மட்டுமே 350. டீச்சிங், லேர்னிங், எவால்யுவேஷன் எல்லாம் அதுக்குள்ள. 2017ல வந்த புது ஃபிரேம்வொர்க்குக்கு அப்புறம் மார்க்குல பெரும்பகுதி நம்பர்லதான் போகுது, பியர் டீம் (நாக் அனுப்புற வெளி புரொஃபசருங்க குழு) வந்து வாழை இலை சாப்பாடு சாப்பிட்டு மனசு குளிர்ந்து போடுற மார்க்கு கொஞ்சம்தான். 2024ல பைனரி முறை (கிரேடு இல்லாம அங்கீகாரம் உண்டா இல்லையான்னு மட்டும்) வரப்போகுதுன்னு வேற அறிவிச்சாங்க, அதனால "மானுவல் மாறட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்"னு சொல்றவங்க எல்லா ஸ்டாஃப் ரூம்லயும் இருப்பாங்க. அவங்கள விடுங்க. இங்க நான் சொல்ற நாக் நம்பர், நாள் கணக்கெல்லாம் 2017 முறைப்படி, இப்ப எப்படின்னு நாக் வெப்சைட்ல ஒரு தடவ பார்த்துக்கோங்க. ஃபார்மேட் எப்படி மாறினாலும் சேர்ந்தவன் எத்தன பேரு, முடிச்சவன் எத்தன பேரு, கத்துக்கிட்டது என்னன்னு கேக்காத மானுவல் வரப் போறதில்ல.

முதல் வேலை, செமினார் ஃபைல மூடி வைங்க. எத்தன கெஸ்ட் லெக்சர், எத்தன வெபினார், எத்தன எம்ஓயூ, இதெல்லாம் எண்ணுறது கரையில உக்காந்து வலைய எண்ணுறது, மீனு எவ்ளோ வந்துச்சுன்னு அதுல தெரியாது. அதுக்கு பதிலா ஒரே ஒரு பேட்ச் எடுங்க. உதாரணத்துக்கு 2021ல ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்து 2024ல வெளிய போயிருக்க வேண்டிய பேட்ச். அந்த வருஷத்து அட்மிஷன் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கண்டிப்பா இருக்கும், அத வாங்கி ஒவ்வொரு பேருக்கும் ஒரு வரி வர்ற மாதிரி எக்ஸெல்ல ஏத்துங்க. பேரு, ஊரு, பிளஸ் டூல என்ன குரூப்பு, தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா, வீட்டுல முதல் பட்டதாரியா, தினமும் பஸ்ல வர்றாங்களா ஹாஸ்டலா, ஒவ்வொரு செமஸ்டர்லயும் எத்தன அரியர், டிசி வாங்கியிருந்தா எந்த தேதி, இப்ப என்ன பண்றாங்க. ஊரு காலத்த (எக்ஸெல்ல மேலருந்து கீழ வர்ற வரிசைய சொல்றேன்) மட்டும் மறந்துடாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

இத பண்ணி முடிச்சதும் ஒரு விஷயம் கண்ணுல படும். நாக் கேக்குற பாஸ் பெர்சன்டேஜ் ஃபைனல் இயர் பரீட்ச எழுதினவங்கள வச்சு போடுறது. ஒரு உதாரணம் பாருங்க, டிபார்ட்மென்ட்ல 60 பேரு சேர்ந்தாங்க, ஃபைனல் இயர் எழுதினது 44, பாஸ் ஆனது 40. எழுதினவங்கள வச்சு பார்த்தா கிட்டத்தட்ட 91 சதவீதம், போர்டுல எழுதி கேட்டுல மாட்டலாம். சேர்ந்தவங்கள வச்சு பார்த்தா 67 கூட வரல. நடுவுல போன 16 பேரு நாக் குடுக்குற எந்த டெம்ப்ளேட்லயும் வரமாட்டாங்க, நம்ம குடுத்த டேட்டாவ சரிபார்க்குற டிவிவி அவங்கள பத்தி கேக்காது, ஆனா நம்ம காலேஜ் எப்படி நடக்குதுன்னு சொல்றதே அந்த 16 பேருதான். டெம்ப்ளேட்ல அவங்க கேட்ட நம்பர அப்படியே குடுங்க, அதுல விளையாட வேண்டாம். ஆனா உள்ள ஐக்யூஏசி மீட்டிங்ல ரெண்டாவது நம்பரத்தான் மேசையில வைக்கணும், மினிட்ஸ்லயும் ஏத்தணும். சில ஹெச்ஓடிக்கு கோவம் வரும். வரட்டும்.

இன்னொன்னு, அஞ்சு வருஷ டேட்டாவுல 2020, 2021 வந்துச்சுன்னா கோவிட் டைம் ஆன்லைன் பரீட்ச ரிசல்ட்டு வானத்துல நிக்கும், அடுத்த வருஷம் தடால்னு கீழ இறங்கும். அத மறைக்கவும் வேண்டாம், நீங்கதான் என்னமோ கெடுத்துட்டீங்கன்னு பயப்படவும் வேண்டாம். பரீட்ச முறை மாறுன வருஷம்னு ஒரு வரி எழுதிட்டு மேல போங்க.

இப்ப ஊரு காலம். எல்லா காலேஜும் டிபார்ட்மென்ட் வாரியா, கம்யூனிட்டி வாரியா, ஆண் பெண்ணுன்னு பிரிச்சு பார்க்கும். நம்ம கடக்கரையில அது பத்தாது. ஊரு வாரியா சார்ட் பண்ணி, அட்டெண்டன்ஸ மாசம் மாசமா பக்கத்துல வச்சு பாருங்க, கதையே வேற மாதிரி தெரியும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாளு விசைப்படகு போகாது. அந்த ரெண்டு மாசம் வீட்டுல காசு இருக்காது, சரியா அது முடியுற நேரத்துலதான் நம்ம அடுத்த வருஷத்து ஃபீஸ் கேக்குறோம். தடை முடிஞ்சு படகு இறங்குனதும் ஆளு தேவைப்படும், ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பசங்கள்ல சிலபேரு ஜூன் கடைசியில கடலுக்கு போயிட்டு ஆகஸ்ட்லதான் கிளாஸ் பக்கம் வருவான். பாக்ஜலசந்தி பக்கம் வாரத்துல 3 நாளு விசைப்படகு, மத்த 4 நாளு நாட்டுப்படகுன்னு ஒரு முறை இருக்கு, அதனால மாசம் மட்டும் இல்லாம எந்த கிழமைன்னும் பாருங்க, ஒரே கிழமையில ஒரே ஊரு பசங்க வரிசையா ஆப்சென்ட் ஆகியிருந்தா அது சோம்பேறித்தனம் இல்ல. மண்டபம் பக்கத்து சில ஊர்கள்ல அம்மா பாசி எடுக்க தீவு பக்கம் போனா, அமாவாசை பௌர்ணமிய ஒட்டி மூத்த பொண்ணு வீட்டுல தம்பி தங்கச்சிய பார்த்துக்கிட்டு இருக்கும். உள்ள தள்ளி முதுகுளத்தூர், கமுதி, ஆர்.எஸ். மங்கலம் பக்கம்னா மிளகா பறிக்கிற சீசன். அது இல்லாம ஐப்பசி கார்த்திகையில புயல் கூண்டு ஏத்துன நாளு தனி.

பழைய பாம்பன் பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில் நின்னதையும் சேர்த்துக்கோங்க. புது பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. நடுவுல ரெண்டு வருஷத்துக்கு மேல தீவுப் புள்ளைங்களுக்கு பஸ்ஸு மட்டும்தான். உங்க காலேஜுக்கு ரயில்ல வந்துட்டு இருந்த புள்ளைங்க இருந்தா அந்த ரெண்டு வருஷத்துல ஃபர்ஸ்ட் ஹவர் அட்டெண்டன்ஸ் என்ன ஆச்சுன்னு எடுத்து பாருங்க. குறைஞ்சிருந்தா காரணம் உங்க கையில இருக்கு, டைம்டேபிள்ல ஃபர்ஸ்ட் ஹவர்ல கஷ்டமான பேப்பர வச்சீங்களான்னும் கூடவே பாருங்க, ஏன்னா ரயில நம்ம ஓட்ட முடியாது, டைம்டேபிள மாத்தலாம். கல்வி எவ்ளோ பயன் தந்துச்சுன்னு ரிவ்யூ பண்றதுன்னு சொன்னா எனக்கு தெரிஞ்சு இதுதான், ஒரு குறைய பார்த்தா அதுல நம்ம கையில இருக்குற துண்டு எதுன்னு கண்டுபிடிக்கிறது.

அடுத்து எல்லாரும் பயப்படுற அட்டெய்ன்மென்ட் கணக்கு, அதாவது வச்ச இலக்க எவ்ளோ எட்டினோம்னு பார்க்குறது. சிஓன்னா ஒரு பேப்பர் முடிச்சா புள்ளைக்கு என்ன தெரிஞ்சிருக்கணும், பிஓன்னா டிகிரி முடிச்சா என்ன தெரிஞ்சிருக்கணும், அவ்ளோதான். சிலபஸ் யூனிவர்சிட்டி குடுக்குறது, நம்ம பக்கத்துக்கு அழகப்பா, அதுலயே பெரும்பாலும் சிஓ போட்டிருக்கும். அத அப்படியே காப்பி அடிச்சு வெப்சைட்ல போட்டுட்டு முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, அளக்குறதுக்குத்தான் மார்க்கு.

கணக்கு இப்படி. ஒரு கிளாஸ்ல 50 பேரு. பாதி மார்க்குக்கு மேல எடுத்தவன் அந்த சிஓவ தொட்டுட்டான்னு வச்சுக்கலாம். 70 சதவீதம் பேருக்கு மேல தொட்டா லெவல் 3, அறுபதுல இருந்து எழுபதுக்குள்ளன்னா 2, அம்பதுல இருந்து அறுபதுக்குள்ளன்னா 1, அதுக்கும் கீழன்னா பூஜ்யம். இந்த அளவு உங்க காலேஜ் முடிவு பண்றது, ஆனா அகடமிக் கமிட்டி மினிட்ஸ்ல முன்னாடியே ஏறியிருக்கணும், ரிசல்ட்டு வந்த பிறகு கோட்ட நகத்தக் கூடாது. இன்டர்னல்ல 36 பேரு தொட்டாங்க, 72 சதவீதம், லெவல் 3. எக்ஸ்டர்னல்ல 27 பேரு, 54 சதவீதம், லெவல் 1. இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75ன்னு எடுத்தா 0.75 கூட்டல் 0.75, ஆக 1.5. இது டைரக்ட். இதுக்கு 80 சதவீதம் குடுத்தா 1.2. கோர்ஸ் முடிவுல புள்ளைங்ககிட்ட எடுத்த சர்வேல 3 வந்திருக்கு, சர்வேல எப்பவும் 3தான் வரும், அதுக்கு 20 சதவீதம், 0.6. மொத்தம் 1.8. உங்க டார்கெட் 2ன்னா எட்டல.

எட்டலன்னு வந்ததும் நம்ம ஆளுங்க பண்ற முதல் வேலை என்ன தெரியுமா, டார்கெட்ட 1.5க்கு இறக்குறது, இல்லனா சிஓ பிஓ மேப்பிங்ல, அதாவது எந்த சிஓ எந்த பிஓவுக்கு எவ்ளோ உதவுதுன்னு காட்டுற அட்டவணையில, எல்லா கட்டத்துலயும் 3 போடுறது. தமிழ் இலக்கணப் பேப்பருக்கும் சுற்றுச்சூழல் பிஓவுக்கும் 3ன்னு போட்ட மேட்ரிக்ஸ பார்த்தா பியர் டீம்ல உக்காந்திருக்குற புரொஃபசர் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவார், அவரும் அவர் காலேஜ்ல இதே வேலைய பார்த்தவர்தான். சம்பந்தம் இல்லாத கட்டத்த காலியா விடுங்க. காலியா இருக்குறது குத்தம் இல்ல.

இந்த கணக்குல ஒரு ஓட்டை இருக்கு, பயிற்சி முகாம்ல பாதி பேரு சொல்ல மாட்டாங்க. அஃபிலியேட்டட் காலேஜுக்கு யூனிவர்சிட்டியில இருந்து பேப்பருக்கு மொத்த மார்க்கு மட்டும்தான் வரும், எந்த கேள்விக்கு எவ்ளோன்னு வராது. அப்ப எக்ஸ்டர்னல்ல சிஓ1 வேற சிஓ4 வேறன்னு பிரிக்கவே முடியாது, அஞ்சு சிஓவுக்கும் ஒரே நம்பர்தான் போடணும். அப்படித்தான் போட்டிருக்கோம்னு ரிப்போர்ட்லயே எழுதிடுங்க. எந்த சிஓ வீக்குன்னு தெரியணும்னா இன்டர்னல்லதான் தெரியும், அதுக்கு இன்டர்னல் கேள்வித்தாள்ல ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல சிஓ நம்பரும் கே லெவலும் (கேள்வி எந்த அளவு யோசிக்க வைக்குதுங்குறது) இருக்கணும், மார்க்க கேள்வி வாரியா ஷீட்ல ஏத்தணும். வேலை ஜாஸ்திதான், ஒத்துக்குறேன். எல்லா பேப்பருக்கும் முடியலன்னா அரியர் அதிகம் விழுற ரெண்டு மூணு பேப்பருக்காவது பண்ணுங்க. எந்த பேப்பர்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும், ஃபர்ஸ்ட் இயர் இங்கிலீஷு, அலைட் மேத்ஸு, காமர்ஸ்ல அக்கவுன்ட்ஸ்.

மேல உதாரணத்துல இன்டர்னல் 3, எக்ஸ்டர்னல் 1ன்னு வந்துச்சுல்ல, அந்த இடைவெளிதான் உங்களுக்கு கிடைச்ச புதையல். ரெண்டுல ஒன்னு நடந்திருக்கு. இன்டர்னல் மார்க்கு தாராளமா விழுந்திருக்கு, இல்லனா இன்டர்னல்ல கே1, கே2 கேள்வியா கேட்டு, அதாவது ஞாபகம் வச்சு எழுதுறது, புரிஞ்சத எழுதுறதுன்னு மட்டும் கேட்டு பழக்கிட்டு, யூனிவர்சிட்டி பேப்பர்ல கே3, கே4 (படிச்சத பயன்படுத்துறது, அலசுறது) வந்ததும் புள்ளைங்க திணறியிருக்காங்க. எதுன்னு பார்க்க மூணு வருஷத்து இன்டர்னல் கேள்வித்தாளையும் யூனிவர்சிட்டி கேள்வித்தாளையும் ஒரே மேசையில பரப்பி வச்சு கே லெவல எண்ணுங்க. ஒரு மதியம் போதும்.

தமிழ் மீடியம் காலத்த இங்க கொண்டு வாங்க. பிளஸ் டூ வரைக்கும் தமிழ்ல படிச்ச புள்ளைக்கு ஜுவாலஜி தெரியாம இல்ல, இங்கிலீஷ்ல எழுத வரல. ஃபெயிலானவங்கள்ல முக்கால்வாசி தமிழ் மீடியம்னு வந்துச்சுன்னா "ஸ்லோ லேர்னர்"னு முத்திரை குத்தி ரெமெடியல் கிளாஸ் ஃபைல் போடுறது வேஸ்ட்டு, அதே பாடத்த அதே இங்கிலீஷ்ல ரெண்டாவது தடவ சொல்றதுல என்ன வரப் போகுது. முதல் மாசத்துலயே பாடத்துக்கான கலைச்சொல் பட்டியல் ரெண்டு மொழியில, ஒரு பாரா எழுதிப் பழகுறதுன்னு பிரிட்ஜ் கோர்ஸ் வைங்க. ஆரம்பத்துல ஒரு சின்ன டெஸ்ட், முடிவுல அதே டெஸ்ட், ரெண்டு மார்க்கும் பக்கத்துல பக்கத்துல. ஐம்பது ஃபோட்டோவ விட இந்த ஒரு ஷீட்டு பெருசு.

சயின்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு இன்னொரு வழி இருக்கு. ஃபீல்டுல பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கிற திறமை வரணும்னு சிஓல எழுதியிருப்போம், ஆனா அத எழுத்துத் தேர்வுல அளக்குறோம். காரங்காடு அலையாத்திக் காடு பக்கத்துல இருக்கு, மன்னார் வளைகுடாவோட 21 தீவு நம்ம வாசல்ல இருக்கு, மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட மையம் இருக்கு. ஒரு ஃபீல்டு விசிட் போயி, ரூப்ரிக் (மார்க் போடுற அளவுகோல்) ஒன்னு போட்டு, தானா அடையாளம் கண்டான், உதவியோட கண்டான், காணலன்னு ஒவ்வொரு புள்ளைக்கும் மார்க் பண்ணுங்க. பேனர் புடிச்சு எடுத்த ஃபோட்டோ ஒன்னு போதும்.

படிச்சு முடிச்சு என்ன ஆனாங்கங்குறது அஞ்சாவது கிரைட்டீரியன்ல வரும், ஆனா இந்த ரிவ்யூவுக்கு அதுவும் வேணும். பிளேஸ்மென்ட் செல் கையில இருக்குற லிஸ்ட்டு கம்பெனி கேம்பஸுக்கு வந்தது மட்டும்தான். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து பசங்க பாதி பேரு வளைகுடா நாட்டுல இருப்பாங்க, சில பேரு அப்பா படகையே எடுத்து நடத்துவாங்க, பொண்ணுங்க பி.எட் போயிருப்பாங்க, டிஎன்பிஎஸ்சிக்கு படிச்சிட்டு இருப்பாங்க. கண்டுபிடிக்க பழைய ஃபோன் நம்பர நம்பாதீங்க, சிம்மு மாத்திட்டே இருப்பாங்க. ஒரு ஊருக்கு ஒரு பழைய மாணவர புடிங்க, அந்த ஊரு பேட்ச்மேட் எல்லாரும் எங்கன்னு அவருக்கு தெரியும். வீட்டுக்கு பேசுறப்ப "வாப்பா, நாக் வேலைக்கு ஒரு புரூஃப் வேணும்"னு ஆரம்பிச்சா ஏதோ கேஸுன்னு பயந்துடுவாங்க, "உங்க மகன் நல்லா இருக்காரா வாப்பா, எங்க வேலை பார்க்குறாரு"ன்னு கேட்டாலே எல்லாம் சொல்லிடுவாங்க, அப்புறம் மெதுவா அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கேளுங்க. வாங்குன காப்பியில ஆதார், பாஸ்போர்ட் நம்பர மறைச்சிட்டு ஏத்துங்க. பல காலேஜ் வெப்சைட்ல இன்னிக்கும் புள்ளைங்க ஆதாரு அப்படியே தொங்குது, பார்க்கவே பகீர்னு இருக்கு.

சர்வே பத்தி ஒரு விஷயம். ஸ்டூடன்ட் சாட்டிஸ்ஃபாக்ஷன் சர்வே நாக் நேரடியா புள்ளைங்க மெயிலுக்கு அனுப்பும். மொத்த புள்ளைங்கள்ல 10 சதவீதம் இல்ல 100 பேரு, இதுல எது கம்மியோ அவ்ளோ பேராவது பதில் போட்டிருக்கணும். அட்மிஷன் அப்ப இன்டர்நெட் சென்டர்ல அண்ணன் கிரியேட் பண்ணிக் குடுத்த மெயில் ஐடி, பாஸ்வேர்டு அண்ணனுக்கே ஞாபகம் இருக்காது. ஆறு மாசம் முன்னாடியே எல்லாரையும் லாகின் பண்ண வச்சு செக் பண்ணுங்க. என்ன பதில் போடணும்னு சொல்லிக் குடுக்காதீங்க, அது தப்பும் கூட, ஒரே மாதிரி நூறு பதில் வந்தா தெரிஞ்சும் போயிடும்.

எழுதுற நேரம் வரும்போது, குவாலிட்டேட்டிவ் பகுதிக்கு 500 வார்த்தைதான் இடம். அதுல "எங்கள் கல்லூரி மாணவர் மையக் கற்றலை முன்னெடுத்து"ன்னு ஆரம்பிச்சா பாதி இடம் போயிடும். நாலு விஷயம் வந்தா போதும்: என்ன பார்த்தோம், எங்க குறை, என்ன மாத்தினோம், மாத்துனதுக்கு அப்புறம் நம்பர் என்ன ஆச்சு. நாலாவது பல காலேஜ்ல இருக்காது, ஏன்னா மாத்துனதே போன மாசம்தான். அதனாலதான் சொல்றேன், சைக்கிள் முடிய ஒரு வருஷம் இருக்கும்போது இத ஆரம்பிச்சா பிரயோஜனம் இல்ல, குறைஞ்சது ரெண்டு பேட்ச் முன்னாடி ஆரம்பிக்கணும். 2017 முறையில வேலிடிட்டி அஞ்சு வருஷமா இருந்துச்சு, அதோட கடைசி ஆறு மாசத்துலதான் ஐஐக்யூஏ (மதிப்பீட்டுக்கு வர்றோம்னு போடுற முதல் விண்ணப்பம்) போட்டோம், அது ஓகே ஆனதும் எஸ்எஸ்ஆருக்கு 45 நாளு, அந்த 45 நாள்ல யாரும் எதையும் புதுசா கத்துக் குடுத்து அளந்திட முடியாது. முதல் சைக்கிள்ல பியர் டீம் என்னென்ன குறை எழுதிட்டு போனாங்களோ அந்த ரிப்போர்ட்ட தேடி எடுத்து ஒவ்வொரு குறைக்கும் எதிர்ல இந்த நாலையும் எழுதிப் பாருங்க, ரெண்டாவது சைக்கிள்ல வர்றவங்க கையில அந்த ரிப்போர்ட்டோடதான் வருவாங்க.

பியர் டீம் பேசுற பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு எப்பவும் வர்ற அதே பத்து பேர உக்கார வைக்காதீங்க. நடுவுல நின்னுட்டு மறுபடி வந்து சேர்ந்த புள்ளையோட அம்மா யாராவது இருந்தா கூப்பிடுங்க. அவங்ககிட்ட டீம் ஆளுங்க "காலேஜ் எப்படிம்மா"ன்னு கேட்டா அவங்க என்ன சொல்றாங்களோ சொல்லட்டும். அவங்க ஃபீஸப் பத்தி குறை சொன்னாலும் பரவாயில்ல, தடைக்காலம் முடியுற வரைக்கும் ஃபீஸ தவணையில கட்டலாம்னு மாத்தியிருந்தீங்கன்னா அதையும் அவங்களே சொல்லுவாங்க.

அந்த எக்ஸெல் ஷீட்ட உங்க லேப்டாப்ல மட்டும் வச்சுக்காதீங்க. காலேஜ் மெயில்ல இருக்குற டிரைவ்ல போட்டு, வருஷா வருஷம் டிசம்பர் 31க்குள்ள ஏக்யூஏஆர் (நாக்குக்கு குடுக்குற வருஷாந்திர ரிப்போர்ட்) போடும்போது அந்த வருஷத்து பேட்ச அதே காலத்தோட ஏத்திட்டே வாங்க, பாஸ்வேர்டு பிரின்ஸிபால்கிட்டயும் ஒன்னு இருக்கட்டும். உங்களுக்கு டிரான்ஸ்ஃபரோ மெட்டர்னிட்டி லீவோ வந்தா அடுத்து வர்றவங்களுக்கு வேலை செய்யாத பென்டிரைவ குடுக்க வேண்டி வராது.